எம்டன்: ஐந்தே வருஷத்தில் பழசாகிப்போன ஒரு கப்பல்

வீட்டுல அப்பா கொஞ்சம் கறாரா இருந்தா, "அவர் ஒரு எம்டன்டா" என்போம். ஹாஸ்டல் வார்டனுக்கும் இதே பட்டம் உண்டு. காரியத்தில் கில்லாடி, யாரிடமும் சிக்காதவன், பார்த்தாலே பயம் வரும் ஆள், எல்லாருக்கும் ஒரே சொல்தான். 2006-ல் பரத்தும் நாசரும் நடித்த படத்துக்கு முதலில் வைத்த பெயரும் 'எம்டன் மகன்'தான். பிறகுதான் அது 'எம் மகன்' ஆனது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கடலே கிடையாது. ஆனாலும் நம்ம பாட்டிகள் வாயில்கூட இந்த ஜெர்மன் ஊரின் பெயர் சரளமாக வரும்.

எம்டன் 1914 செப்டம்பர் 22 அன்று சென்னை மேல் குண்டு போட்ட கப்பல் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். அதிகம் பேசப்படாத இன்னொரு விஷயம் இருக்கிறது. நம்ம ஊரையே நடுங்கவைத்த அந்தக் கப்பல், அந்த நேரத்தில் தொழில்நுட்ப ரீதியாகப் பழசாகிக்கொண்டிருந்த கப்பல். கடற்படைப் பணியில் சேர்ந்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. ஐந்து வருஷத்தில் ஒரு போர்க்கப்பல் எப்படிப் பழசாகும்? மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் என எந்தத் துறையில் படித்தாலும் நமக்குத் தேவையான கேள்வி இது. வாங்க, கப்பலைப் பிரித்துப் பார்ப்போம்.

லைட் க்ரூசர் என்றால் என்ன?

அந்தக் காலக் கடற்படையில் பெரிய பீரங்கியும் தடித்த கவசமும் கொண்ட பெரிய போர்க்கப்பல்கள் இருந்தன. அவை யானை மாதிரி. அடித்தால் பலமாக அடிக்கும், ஆனால் விலை அதிகம். எல்லாக் கடலுக்கும் அனுப்ப முடியாது. அதனால் வேகமாக ஓடவும், எதிரி எங்கே இருக்கிறான் என்று வேவு பார்க்கவும், வணிகக் கப்பல்களைப் பிடிக்கவும் ஒரு சின்ன வகை தேவைப்பட்டது. அதுதான் லைட் க்ரூசர். கவசம் குறைவு, பீரங்கி சின்னது, ஓட்டம் அதிகம்.

ஜெர்மனி கட்டிய 'டிரெஸ்டன்' வகுப்பில் இரண்டே கப்பல்கள். ஒன்று டிரெஸ்டன், இன்னொன்று எம்டன். எம்டனின் அடித்தளம் டான்சிக் கப்பல் கட்டும் தளத்தில் 1906 நவம்பரில் போடப்பட்டது. அதற்கு முந்தைய மாதம்தான் தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவானது. எம்டன் தண்ணீரில் இறங்கியது 1908 மே மாதம், பணியில் சேர்ந்தது 1909 ஜூலை.

நீளம் 118 மீட்டர். முழுப் பாரத்தோடு எடை 4,200 டன்னுக்குக் கொஞ்சம் மேல். வேகம் 23.5 நாட், அதாவது மணிக்கு சுமார் 43 கிலோமீட்டர். முக்கிய ஆயுதம் 10.5 சென்டிமீட்டர் வாய் கொண்ட பத்து பீரங்கிகள். சுமார் 360 பேர் வேலை பார்த்தார்கள். கட்டிய நேரத்தில் இது நல்ல கப்பல்தான், அதில் சந்தேகமே வேண்டாம்.

ஒரே உடம்பு, இரண்டு இதயம்

இந்த வகுப்பில் நமக்கு மிகவும் சுவாரசியமான பகுதி எஞ்சின் அறை. இரண்டு கப்பல்களுக்கும் உடல் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் எம்டனுக்குப் பிஸ்டன் எஞ்சின், டிரெஸ்டனுக்கு பார்சன்ஸ் நீராவி டர்பைன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட நம்ம லேபில் செய்கிற மாதிரி ஒரு சோதனை என்றே வைத்துக்கொள்ளலாம். செலவுதான் கொஞ்சம் ஜாஸ்தி!

எம்டனில் இருந்தது 'ட்ரிபிள் எக்ஸ்பேன்ஷன்' வகை. பாய்லரில் இருந்து வரும் நீராவி முதலில் சின்ன உயர் அழுத்த சிலிண்டரில் விரிந்து பிஸ்டனைத் தள்ளும். அங்கே வேலை முடிந்த நீராவியை வீணாக்காமல் அடுத்த பெரிய சிலிண்டருக்கு அனுப்புவார்கள். அதற்கடுத்து இன்னும் பெரியது. ஒரே நீராவியை மூன்று தடவை பிழிந்து எடுப்பது, கரும்பை மூன்று முறை மிஷினில் விடுகிற மாதிரி.

நல்ல யோசனைதான். ஆனால் டன் கணக்கில் எடையுள்ள பிஸ்டனும் தண்டும் மேலும் கீழும் போய் வர வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் நின்று, திரும்பி, மறுபடி வேகம் எடுக்க வேண்டும். முழு வேகத்தில் ஓட்டினால் கப்பலே அதிரும், பேரிங் சூடாகும், தேய்மானம் கூடும். அதனால் அதிக வேகத்தை அதிக நேரம் தாங்குவது கஷ்டம்.

டர்பைனில் இந்த ஏறி இறங்கும் வேலையே இல்லை. நீராவி இலைகளில் மோதுகிறது, தண்டு சுற்றுகிறது, அவ்வளவுதான். 1897-ல் இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட் கடற்படை அணிவகுப்பில் பார்சன்ஸ் தன் 'டர்பீனியா' படகை ஓடவிட்டு எல்லாரையும் வாய்பிளக்க வைத்தார். 1906-ல் பிரிட்டனின் 'டிரெட்நாட்' போர்க்கப்பலே டர்பைனில் ஓடியது. ஜெர்மனியிலும் எம்டனுக்குப் பிறகு பிஸ்டன் எஞ்சினோடு க்ரூசர் கட்டவில்லை. அந்த வரிசையில் கடைசிக் கப்பல் இதுதான்.

அப்படியானால் டர்பைன் எல்லாவற்றிலும் மேலா? இல்லை. டர்பைன் வேகமாகச் சுற்றினால்தான் திறமையாக வேலை செய்யும். ஆனால் கப்பலின் புரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றினால்தான் தண்ணீரை நன்றாகத் தள்ளும். நடுவில் கியர் வைத்தால் பிரச்சினை தீரும், ஆனால் அவ்வளவு சக்தியைத் தாங்கும் கியர் அப்போது பரவலாக வரவில்லை. டர்பைனை நேராகத் தண்டோடு இணைத்தார்கள். விளைவு, மெதுவாகப் போகும்போது டர்பைன் கப்பல் நிலக்கரியை வாரி விழுங்கும். பிஸ்டன் கப்பல் அந்த இடத்தில் சிக்கனமாக ஓடும். தனியாகப் பெருங்கடலில் சுற்றித் திரிய வேண்டிய ஒரு வேட்டைக் கப்பலுக்கு இந்தப் 'பழைய' எஞ்சின் ஒருவகையில் உதவிதான்.

நிலக்கரிக் கணக்கு

எம்டன் 12 நாட் வேகத்தில் போனால் சுமார் 3,760 கடல் மைல் போகலாம். கணக்கு போட்டால் 13 நாள் ஓட்டம். நிலக்கரி கொள்ளளவு 800 டன்னைச் சுற்றி. ஆக ஒரு நாளைக்கு ஏறக்குறைய 60 டன்.

இப்போது வேகத்தை இரட்டிப்பாக்குவோம். கப்பலுக்குத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் மூன்றாம் மடிப்பில் ஏறும் என்பது பொதுவான கணக்கு. வேகம் 2 மடங்கு என்றால் சக்தி 8 மடங்கு. அப்படியானால் ஒரு நாளைக்கு 480 டன். இரண்டு நாள்கூடத் தாங்காது! இது தோராயக் கணக்குதான், ஆனால் விஷயம் புரியும். முழு வேகம் என்பது தப்பிக்கவோ துரத்தவோ சில மணி நேரத்துக்கு மட்டும்.

எம்டன் சுற்றிய வங்காள விரிகுடாவில் ஜெர்மனிக்கு ஒரு துறைமுகம்கூட இல்லை. பிறகு நிலக்கரி எங்கிருந்து வரும்? பிடித்த கப்பல்களில் இருந்துதான். 1914 செப்டம்பர் 10 அன்று வங்காள விரிகுடாவில் பிடித்த 'பொன்டோபோரோஸ்' என்ற கிரேக்கக் கப்பலில் இந்திய நிலக்கரி இருந்தது. அது தரம் குறைவு, புகை ஜாஸ்தி, சூடு கம்மி. மறைந்து திரியும் கப்பலுக்குக் கரும்புகையைப் போல எதிரி வேறில்லை. அதே மாதக் கடைசியில் 'புரெஸ்க்' என்ற பிரிட்டிஷ் கப்பல் சிக்கியது. அதில் இருந்தது பிரிட்டிஷ் கடற்படைக்காகவே போய்க்கொண்டிருந்த உயர்தர வேல்ஸ் நிலக்கரி. லாட்டரி அடித்த மாதிரி!

நிலக்கரி ஏற்றுவதும் சாமானிய வேலையில்லை. நடுக்கடலில் இரண்டு கப்பல்களையும் ஒட்டி நிறுத்தி, மூட்டை மூட்டையாகத் தூக்கி, வெப்பமண்டல வெயிலில் மொத்த ஆட்களும் கரியாகி வேலை பார்க்க வேண்டும். பிரிட்டன் அந்த நேரத்தில் பணியில் சேர்க்கத் தொடங்கியிருந்த 'அரிதூசா' வகுப்பு க்ரூசர்கள் எண்ணெயில் ஓடின. குழாயை மாட்டினால் போதும், எரிபொருள் ஏறிவிடும். கரி அள்ளிப் போடும் ஆட்படையும் குறையும். நிலக்கரிக் கப்பல்களின் காலம் முடியப்போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை.

சென்னையில் அந்த அரை மணி நேரம்

எம்டன் 1914 ஜூலை 31 அன்று சீனக் கடற்கரையில் ஜெர்மனி வைத்திருந்த சிங்டாவோ துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. இடையில் ஒருமுறை மட்டும் அங்கே திரும்பியது. ஜெர்மன் கிழக்காசியப் படைப்பிரிவோடு சேர்ந்து, பின் அதிலிருந்து பிரிந்து, கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் தனியாக இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தது. எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. ஆனால் அந்தப் பக்கம் சுற்றிய பிரிட்டிஷ் க்ரூசர்களில் நான்கு புகைபோக்கி கொண்டவை இருந்தன. அதனால் பொய்யாக நான்காவது ஒன்றைக் கட்டி நிறுத்தினார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் பிரிட்டிஷ் கப்பல் மாதிரியே இருக்கும். செலவில்லாத மேம்படுத்தல் என்றால் இதுதான்!

செப்டம்பர் 22 இரவு சுமார் ஒன்பதரை மணி. சென்னை வழக்கம்போல விளக்கேற்றி இருந்தது. கரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்துக்கு வந்த எம்டன், தேடல் விளக்கைப் போட்டு, துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மேல் சுடத் தொடங்கியது. ஏறக்குறைய அரை மணி நேரத்தில் 125-க்கும் மேற்பட்ட குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற 'சுப்ரா' என்ற வணிகக் கப்பலும் அடிவாங்கியது. பிறகு எம்டன் விளக்கை அணைத்து இருட்டில் கரைந்துவிட்டது.

ஐந்து பேர் வரை உயிரிழந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். ஒரு நகரத்துக்கு இது பேரழிவு இல்லை. ஆனால் 'சூரியன் மறையாத' ஆட்சியின் கோட்டைக்கே ஒருத்தன் வந்து அடித்துவிட்டுப் போகிறான் என்ற செய்தி போட்ட போட்டில் ஊரே ஆடிப்போனது. அடுத்தடுத்த நாட்களில் மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்னையை விட்டுக் கிளம்பினார்கள். வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்கள் நகரத் தயங்கின. முல்லர் எதிர்பார்த்ததும் இந்தப் பயத்தைத்தான். 'எம்டன்' என்ற சொல் தமிழுக்குள் குடியேறியதும் அப்போதுதான்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடலாம். செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்தார், அவர்தான் சென்னை மேல் குண்டு போடச் சொன்னார் என்று நிறைய பேர் இன்றும் ஃபார்வர்டு அனுப்புகிறார்கள். செண்பகராமன் ஐரோப்பாவில் இருந்து விடுதலைக்காக உழைத்தவர், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் 1914-ல் அவர் ஐரோப்பாவில் இருந்தார். எம்டனோ வருஷக்கணக்காகக் கிழக்காசியாவில் இருந்து, அங்கிருந்தே நேராக இங்கே வந்த கப்பல். அவர் அதில் ஏற வழியே இல்லை. அவருடைய உண்மையான உழைப்பே போதும், கப்பல் கதை தேவையில்லை.

நான்கு வருஷ வித்தியாசம்

சென்னைக்குப் பிறகும் எம்டனின் ஆட்டம் தொடர்ந்தது. அக்டோபர் 28 அன்று பினாங்கு துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்து 'ஜெம்சுக்' என்ற ரஷ்ய க்ரூசரை மூழ்கடித்தது. வெளியே வரும் வழியில் 'மூஸ்கே' என்ற பிரெஞ்சு டிஸ்ட்ராயரையும் முடித்தது. இரண்டு மாதத்தில் இரண்டு டஜன் அளவுக்கு வணிகக் கப்பல்களைப் பிடித்திருந்தது.

நவம்பர் 9 காலையில் கோகோஸ் தீவுக் கூட்டத்தில் இருந்த பிரிட்டிஷ் கேபிள், வயர்லெஸ் நிலையத்தை அழிக்க எம்டன் போனது. ஹெல்முத் ஃபான் மூக்கே என்ற அதிகாரியோடு 50 பேர் கரையிறங்கினார்கள். ஆனால் நிலையத்தில் இருந்தவர்கள் அதற்குள் 'அந்நியக் கப்பல் வந்திருக்கிறது' என்று வயர்லெஸ்ஸில் தட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து படைவீரர்களை ஏற்றிய கப்பல் கூட்டம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன் காவலில் இருந்த 'சிட்னி' என்ற க்ரூசர் பிரிந்து வந்தது.

இனி இரண்டு கப்பல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். எம்டன் 1909-ல் பணியில் சேர்ந்தது. சிட்னி 1913-ல். இடைவெளி நான்கே வருஷம், ஒரு பி.இ. முடிக்கிற காலம்.

எடை: எம்டன் முழுப் பாரத்தோடு 4,200 டன் சொச்சம். சிட்னி 5,400 டன்.

வேகம்: எம்டன் 23.5 நாட், அதுவும் புதிதாக இருந்தபோது. மூன்று மாதம் ஓய்வில்லாமல் ஓடி, அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் ஒட்டிய கப்பல் அது. சிட்னி டர்பைனில் 25 நாட்.

கவசம்: சிட்னிக்குப் பக்கவாட்டிலும் கவசப் பட்டை இருந்தது. எம்டனுக்குத் தளத்தில்தான் கவசம், பக்கவாட்டில் கிடையாது.

பீரங்கி: இதுதான் முக்கியம். எம்டனுக்குப் பத்து, சிட்னிக்கு எட்டு. எண்ணிக்கையைப் பார்த்தால் எம்டன்தான் ஜெயிக்க வேண்டும். ஆனால் ஒரு பக்கமாகச் சுடும்போது இரண்டிலுமே ஐந்து பீரங்கிதான் பயன்படும். எம்டனின் ஒரு குண்டு சுமார் 17 கிலோ. சிட்னியின் ஆறு அங்குலக் குண்டு 45 கிலோ. ஐந்தால் பெருக்குங்கள். ஒரு சுற்றுக்கு எம்டன் 87 கிலோ அனுப்பினால், சிட்னி 225 கிலோவுக்கு மேல் அனுப்பும். இரண்டரை மடங்கு.

காலை 9.40 அளவில் எம்டன்தான் முதலில் சுட்டது. துல்லியமாகவும் சுட்டது. சிட்னியின் தூரம் அளக்கும் கருவி ஒன்று நாசமானது. ஆரம்பத்தில் பதறிய சிட்னி, பிறகு தன் வேகத்தைப் பயன்படுத்தி விலகிப் போனது. எம்டனின் குண்டு பலன் தராத, ஆனால் தன் குண்டு பலன் தரும் தூரத்தில் நின்று அடித்தது. வேகம் அதிகம் உள்ளவன்தான் தூரத்தைத் தீர்மானிப்பான். தூரத்தைத் தீர்மானிப்பவன்தான் சண்டையைத் தீர்மானிப்பான். கரையில் 50 பேரை விட்டுவிட்டு வந்ததால் எம்டனில் ஆள் பற்றாக்குறை வேறு. 11.20 மணி அளவில், மூழ்காமல் இருக்கட்டும் என்று முல்லர் கப்பலை வடக்கு கீலிங் தீவின் பவளப் பாறையில் ஏற்றினார். எம்டனில் இறந்தவர்கள் 130-க்கு மேல். சிட்னியில் நான்கு பேர்.

முப்பதைத் தாண்டாத பையன்கள்தான் இதில் அதிகம். வரைபடம் போட்ட நாளில் 'பத்து சென்டிமீட்டர் போதும்' என்று எடுத்த ஒரு முடிவின் விலை எட்டு வருஷம் கழித்து இவர்கள் தலையில் விழுந்தது.

டர்பைன் தங்கச்சி என்ன ஆனாள்?

டிரெஸ்டனின் கதையும் சோதனையின் மறுபாதி மாதிரியே இருக்கிறது. 1914 டிசம்பர் 8 அன்று ஃபாக்லாந்து தீவுகள் அருகே பிரிட்டிஷ் படை ஜெர்மன் படைப்பிரிவை அழித்தது. அங்கிருந்த நான்கு ஜெர்மன் க்ரூசர்கள் மூழ்கின. தப்பித்த ஒரே க்ரூசர் டிரெஸ்டன். காப்பாற்றியது டர்பைன் வேகம்.

ஆனால் தப்பித்து எங்கே போவது? நிலக்கரி கிடைக்கவில்லை. தென் அமெரிக்காவின் தென்கோடியில் கால்வாய்களுக்குள் மாதக்கணக்கில் ஒளிந்திருந்தது. கடைசியில் 1915 மார்ச் 14 அன்று சிலி நாட்டுத் தீவு ஒன்றில், ஓட எரிபொருள் இல்லாத நிலையில் பிரிட்டிஷ் கப்பல்களிடம் சிக்கி, சொந்த ஆட்களாலேயே மூழ்கடிக்கப்பட்டது. எஞ்சின் புதுசு, எரிபொருள் பழசு. ஒரு பாகத்தை மட்டும் மேம்படுத்தினால் மொத்த அமைப்பும் மேம்படாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் பாடப்புத்தகத்தில் கிடைக்காது.

ஜெர்மனி பாடம் கற்றுக்கொண்டது. 1915-ல் வந்த 'வீஸ்பாடன்' வகுப்புக்கு 15 சென்டிமீட்டர் பீரங்கிகள். ஏற்கெனவே இருந்த சில க்ரூசர்களிலும் 10.5-ஐக் கழற்றிவிட்டு 15 பொருத்தினார்கள். அடுத்து வந்த புதிய எம்டனும் 15 சென்டிமீட்டர் பீரங்கியோடுதான் வந்தது.

நமக்கு என்ன?

நம்ம பக்கம் மில் வேலை தெரியாத வீடு குறைவு. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதில் இருந்து ஊரே நூலோடு வளர்ந்தது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிகள் ஓடுகின்றன. மில்லில் யாரையாவது கேட்டுப்பாருங்கள். பழைய ரிங் ஃபிரேம் 'ரிப்பேர்' ஆகித்தான் வெளியே போகும் என்பதில்லை. அது நன்றாகவே ஓடும். ஆனால் பக்கத்து மில் வாங்கிய புது மிஷின் அதே கரண்டில் அதிக நூல் தரும்போது, நம்ம மிஷின் ஒரு போல்ட்கூட கழறாமல் பழசாகிவிடும். எம்டனுக்கு நடந்ததும் அதுதான். 1909-ல் இருந்த அதே எம்டன்தான் 1914-லும் இருந்தது. மாறியது எதிரே வந்தவன்.

நம் கடற்படையும் இதைப் பார்த்திருக்கிறது. 1948-ல் வாங்கிய ஐ.என்.எஸ். டெல்லி, 1957-ல் வந்த ஐ.என்.எஸ். மைசூர் இரண்டும் பிரிட்டனின் பழைய லைட் க்ரூசர்கள். டெல்லியின் பழைய பெயர் 'அக்கிலீஸ்', 1939-ல் ரிவர் பிளேட் சண்டையில் நின்ற கப்பல். ஆனால் 1971 டிசம்பர் 4 இரவு கராச்சியை அடித்தது இந்தப் பெரிய பீரங்கிக் கப்பல்கள் இல்லை. ஏவுகணை தாங்கிய சின்னச் சின்னப் படகுகள். பீரங்கி க்ரூசரின் சகாப்தம் அத்தோடு முடிந்தது என்றே சொல்லலாம்.

அதற்காகப் பழையது என்றால் உதவாது என்று அர்த்தமில்லை. மூன்று மாதம் ஒரு பெருங்கடலையே கலக்கியது இந்தப் பிஸ்டன் எஞ்சின் கப்பல்தான். தன் பலவீனம் தெரிந்த கேப்டன், இருட்டு, பொய்ப் புகைபோக்கி, எதிரியின் நிலக்கரி என்று கிடைத்ததையெல்லாம் பயன்படுத்தினார். நேருக்கு நேர் சண்டை வராத வரை அந்த உத்தி வேலை செய்தது. வந்த அன்று, கிலோகிராம் கணக்கு ஜெயித்தது.

பொதிகை எக்ஸ்பிரஸ்ல சென்னைக்கு இன்டர்வியூ போறவங்க, நேரம் இருந்தா பாரிமுனை பக்கம் ஒரு எட்டு போய்ப் பாருங்க. உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவரில் எம்டன் குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அந்தக் குண்டு 17 கிலோ. நான்கு வருஷம் கழித்துக் கட்டிய கப்பலின் குண்டு 45 கிலோ. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் 'இது போதும்' என்று ஸ்பெசிஃபிகேஷன் எழுதும்போது அந்த இரண்டு எண்களும் ஞாபகத்தில் இருக்கட்டும்.